இறக்கைக்குள் ஒரு பொட்டு

ரியாஸ் என்னை 'அக்கா' என்று கூப்பிட்டால் ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று பொருள். வேலையில் இருந்த காலம் முழுக்க நான் அவனுக்கு 'மேடம்'தான். போன மாதம் பினாங்கில் ஆயர் ஈத்தாம் சந்தையில் கீரைக் கட்டோடு நின்றபோது கைப்பேசி அடித்தது. "அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்றான். கீரையைக் கீழே வைத்துவிட்டேன்.

"சொல்லு தம்பி, என்ன வேணும்?"

"ஒன்னுமில்லக்கா. நம்ம ஃபேக்டரிக்குப் புது மெஷின் வந்திருக்கு. கார்பன் துணியெல்லாம் இனிமே ரோபோதான் அடுக்கும். புது எஞ்சினியர் பிள்ளைங்க நிறைய சேர்ந்திருக்காங்க. நீங்க வந்து உங்க தலைமைத்துவத்தப் பத்தி ஒரு பதினஞ்சு நிமிசம் பேசணும். ஸ்லைடு நாங்களே செஞ்சிடுறோம்லா. நீங்க அஞ்சு பாடம் மட்டும் சொன்னா போதும்."

"எங்கிட்ட அஞ்சு பாடம் இல்ல. ஒரு பொட்டுக் கதைதான் இருக்கு."

"ஐயோ, அது வேணாங்க்கா. அதுல நான் முட்டாளா வருவேன்."

முப்பது வருஷத்துக்கு மேல் செய்த வேலையை ஐந்து பாடமாகச் சுருக்கிக் கேட்கிற பிள்ளைக்கு வேறு என்ன கொடுப்பது? ரியாஸ் இப்போது என் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அதனால் அவன் முட்டாளாக வருகிற கதையை அவனுடைய புது எஞ்சினியர்கள் தெரிந்துகொள்வது நல்லது. பதினைந்து நிமிடத்தில் அடங்காது என்பதால் இங்கே எழுதிவிடுகிறேன்.

விமான உதிரிபாகத் தொழிற்சாலையில் பொறியியல் பிரிவுத் தலைவர் என்று சொன்னால் என் சொந்தக்காரர்களுக்கு இரண்டே சந்தேகம்தான் வரும். ப்ளேன் ஓட்டத் தெரியுமா? டிக்கெட் மலிவாக வாங்கித் தர முடியுமா? செபராங் ஜெயாவில் ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா முறை ஒருவர், "இவ்வளவு படிச்சும் ஏறி ஓட்ட விடமாட்டேங்கிறானுங்களா?" என்று எனக்காக மிகவும் வருத்தப்பட்டார். நான் அவரைத் திருத்தவில்லை. வருத்தப்படுகிறவர்கள் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாகக் கவனித்துக்கொள்வார்கள்.

நாங்கள் செய்தது இறக்கையின் மேலே இருக்கும் பலகைகளை. ஜன்னலோரம் உட்கார்ந்து பயணம் செய்தவர்கள் பார்த்திருப்பீர்கள். விமானம் தரையைத் தொட்டதும் இறக்கையின் மேல்பக்கத்தில் சில பலகைகள் விறைப்பாக எழுந்து நிற்கும். அவை காற்றைத் தடுத்து விமானத்தைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நாங்கள் செய்த பலகைகள் கப்பலேறிப் போய், எங்கெங்கோ இருக்கும் விமானங்களில் மாட்டப்படும். இன்றைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அவை எழும்வரை எனக்கு மூச்சு சரியாக வராது.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இயந்திரப் பொறியியல் படித்தேன். முதலில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். விமானப் பலகைத் தொழிற்சாலை திறந்ததும் அங்கே போனேன். ஐரோப்பாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கார்பன் நாரைப் பற்றியும் குளிரைப் பற்றியும் அங்கே கற்றுக்கொண்டேன். மற்றதையெல்லாம் திரும்பி வந்து மிஸ்டர் கூவிடம் கற்றேன்.

மிஸ்டர் கூ அப்போது தரக் கட்டுப்பாட்டுத் தலைவர். பிற்பாடு தொழிற்சாலைக்கே மேலாளர் ஆனார். ஒல்லியான சீனர், பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். சிறு வயதில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே குடியிருந்ததால் தமிழில் மூன்று வார்த்தைகளை அழுத்தம் திருத்தமாகச் சொல்வார். அவற்றில் இரண்டை இங்கே எழுத முடியாது. மூன்றாவது, 'அப்புறம்?'

எங்களுக்கு ஆங்கிலத்தில்தான் பேச்சு. ஆனால் யாராவது ஒரு தவறுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, சீனர் மலாய்க்காரர் என்று பார்க்காமல் எல்லாரிடமும் 'அப்புறம்?' என்பார். கோபம் துளியும் இருக்காது. கதை கேட்கிற ஆர்வம் மட்டும் இருக்கும். இயந்திரம் சூடாக இருந்தது, சார். அப்புறம்? ஆர்டர் அவசரம், சார். அப்புறம்? சொல்ல வேண்டிய சாக்கெல்லாம் தீர்ந்துபோய், மிச்சம் இருக்கிற ஒரே பொருளாக உண்மை வெளியே வரும். திட்டு வாங்கியிருந்தால்கூட சும்மா இருந்திருப்பேன், இந்த 'அப்புறம்' தாங்க முடியாது என்று பலர் என்னிடம் புலம்பியிருக்கிறார்கள். நானும் புலம்பியிருக்கிறேன்.

நான் சேர்ந்த புதிதில் பலகைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிற பாக் டின் என்பவர், செய்து முடித்த ஒரு பலகையைக் கதவு நிலையில் இடித்துவிட்டார். கார்பன் பலகையில் ஒரு வம்பு உண்டு. இரும்பு என்றால் நெளியும், பார்த்த உடனே தெரியும். கார்பன் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே மட்டும் அடுக்குகள் பிரிந்திருக்கும். இடித்ததை ஒருவரும் பார்க்கவில்லை. பாக் டின் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நேராக மிஸ்டர் கூவின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டார். அவருக்கும் கொஞ்சம் 'அப்புறம்' விழுந்தது. பிறகு மிஸ்டர் கூ அவரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் நாசி கண்டார் கறிச்சோறு வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தார்.

தொழிற்சாலையே கொதித்தது. நாங்கள் ஒழுங்காக வேலை செய்கிறோம், எங்களுக்குக் கேண்டீன் சோறு. பலகையை இடித்தவனுக்கு நாசி கண்டாரா? ரொம்ப நாளைக்கு, யாருக்காவது பசித்தால் "வண்டிய கொஞ்சம் இடிச்சிட்டு வரவா?" என்பது எங்கள் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து எங்கள் தொழிற்சாலையில் எழுதாத ஒரு சட்டம் வந்தது. தவறைத் தானாக வந்து சொல்கிறவருக்கு வேலை போகாது. பொறியியல் தலைவர் ஆனபிறகு புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரிடமும் நான் இதைப் பெருமையாகச் சொல்வேன். சொல்வதற்குச் செலவே இல்லாத வாக்குறுதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பலகை செய்கிற விதத்தைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பொட்டு எப்படி உள்ளே போனது என்பது புரியாது.

அடுக்கும் அறை ஆஸ்பத்திரி அறுவை அறை மாதிரி சுத்தமானது. உள்ளே போகுமுன் மோதிரம், கடிகாரம், வளையல் எல்லாம் கழற்ற வேண்டும். பைகளைக் காலி செய்ய வேண்டும். வெள்ளை மேலங்கி, கையுறை, நெற்றி வரைக்கும் இறங்குகிற தொப்பி. ஒட்டுப்பாய்மேல் நடந்து செருப்புத் தூசியை விட்டுவிட்டு நுழைய வேண்டும். உள்ளே நீளமான அச்சின்மேல், பிசின் ஊறிய கறுப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, தகடால் தேய்த்து, காற்றை வெளியேற்றி அடுக்குவார்கள். ஒவ்வொரு துணியின் முதுகிலும் ஒரு மெல்லிய தாள் ஒட்டியிருக்கும். அதை உரித்தால்தான் அடுத்த துணி பிடிக்கும். உரித்த தாளைக் குப்பையில் போடக்கூடாது. சுவரில் இருக்கும் பலகையில் வரிசையாக மாட்ட வேண்டும். எத்தனை துணியோ அத்தனை தாள் சுவரில் தொங்க வேண்டும். ஒரு தாள் குறைந்தால் அது உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள், எல்லாவற்றையும் பிரி.

அடுக்கியதும் உறை போட்டு, காற்றை உறிஞ்சி, பெரிய அழுத்த உலைக்குள் தள்ளி வேகவைப்போம். எங்கள் வீட்டில் அதை 'கம்பெனி குக்கர்' என்பார்கள். விசில் மட்டும்தான் வராது. வெந்து வந்த பலகையை ஒலி அலையால் சோதிப்போம். திரையில் முழுப் பலகையும் பச்சையாகத் தெரிந்தால் நல்லது. சிவப்பு எங்கே தெரிகிறதோ அங்கே அடுக்கு ஒட்டவில்லை.

நான் தலைவராக இருந்தபோது ஒரு நாள் காலை, திரையில் பச்சைக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அச்சு வைத்த மாதிரி வட்டமாக இருந்தது.

ரியாஸ் அப்போது புது எஞ்சினியர். நிறைய படித்தவன், நிறைய பேசுகிறவன். அவன் மாமா நாசி கண்டார் கடை வைத்திருந்ததால் எல்லாவற்றையும் கறி கலக்குகிற மாதிரிக் கலந்து பார்ப்பான். காற்றுக் குமிழி என்றான். குமிழி இவ்வளவு வட்டமாக வராதே என்றேன். பிசினில் ஈரம் என்றான். பிறகு துணி வெட்டும் இயந்திரத்தின் பிழை என்றான். பிறகு திரையில் அளந்து பார்த்துவிட்டு, "எட்டு மில்லிமீட்டர். மேடம், இந்த ஃபேக்டரியில எட்டு மில்லிமீட்டருக்கு ரவுண்டா ஒரு பொருளே கிடையாது" என்று தீர்ப்புச் சொன்னான்.

"என் நெத்தியப் பாரு" என்றேன்.

பார்த்தான். ஏதோ திட்டு வரப்போகிறது என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெதுவாக நிமிர்ந்து மறுபடி பார்த்தான். சேர்ந்த நாளிலிருந்து தினமும் என் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து பேசியவன், என் நெற்றியில் எட்டு மில்லிமீட்டருக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு இருப்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தான்.

பலகை எப்படியும் வீண்தான். அனுமதி வாங்கி அந்த இடத்தை வெட்டிப் பார்த்தோம். கறுப்பு அடுக்குகளுக்கு நடுவே மெரூன் நிறப் பொட்டு. அவ்வளவு சூட்டிலும் அழுத்தத்திலும் நிறமும் போகவில்லை, பின்னால் இருந்த பசையும் விடவில்லை. மிஸ்டர் கூ பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "இதைச் செய்த கம்பெனியிடம் நாம் பசை வாங்கலாம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அதோடு சரி.

காரணம், ரியாஸ் அடுத்துக் கேட்ட கேள்வி. நல்ல கேள்வி, அவனுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துச் சொல்கிறேன். "மேடம், பொட்டு சின்ன சைஸ்லயும் வருமா?"

வரும். கடுகு அளவிலும் வரும். ஒலிச் சோதனை ஒரு அளவுக்குக் கீழே இருப்பதைக் கண்டுகொள்ளாது. கடுகுப் பொட்டு ஒன்று உள்ளே போயிருந்தால் பச்சையாகவே காட்டியிருக்கும். அப்படி எத்தனை பலகை ஏற்கெனவே கப்பலேறிப் போய்ப் பறந்துகொண்டிருக்கிறது? ஒரு பொட்டால் இறக்கை ஒடிந்துவிடாது. ஆனால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நாங்கள் இன்னொரு பலகையை அனுப்ப முடியாது. அனுப்பியவற்றையெல்லாம் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். பொட்டு எப்படி உள்ளே போனது, எப்போதிலிருந்து, எந்த அளவு என்று சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அந்தப் பொட்டுக்குச் சொந்தக்காரர்.

மத்தியானத்துக்குள் சேதி பரவிவிட்டது. மனிதவளப் பிரிவு பொட்டுக்கே தடை போட வேண்டும் என்றது. பலகை வாங்குகிற நிறுவனத்தின் பரிசோதகர் மறுநாளே வந்து இறங்கினார். நெட்டையான வெள்ளைக்காரர், நல்லவர்தான், ஆனால் சிரிக்கக் காசு கேட்பவர். தவறு செய்தவர் யாரென்று பெயரைச் சொல்லி, அவரை அடுக்கும் அறையிலிருந்து எடுத்துவிட்டால் தன் அறிக்கையை முடித்துவிடுவதாகச் சொன்னார்.

அடுக்கும் அறையில் தமிழ்ப் பெண்கள் சிலர் இருந்தார்கள். நான் யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. உடை மாற்றும் அறைக்குப் போய் என் மேலங்கியை மாட்டிக்கொண்டு, வேண்டுமென்றே பொத்தானை மெதுவாகப் போட்டுக்கொண்டு நின்றேன். எல்லாரும் உள்ளே போனார்கள். ஒருவர் மட்டும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தேவகி.

தேவகி பத்து வருஷத்துக்கு மேல் துணி அடுக்கியவர். அவர் கை தேய்த்த இடத்தில் குமிழி வராது. அடுத்த மாதத்திலிருந்து அந்த அறைக்கே லைன் லீடர் ஆகப்போகிறார் என்று முடிவாகியிருந்தது. கையெழுத்துப் போட்டதே நான்தான்.

"மேடம், அது என்னோடது" என்றார்.

"உக்காருங்க தேவகி."

உட்காரவில்லை. "தொப்பி போட்டா நெத்தி வேர்த்து பொட்டு கழண்டு போயிடுது மேடம். அதான் உள்ள போறப்ப எடுத்து, இங்க ஒட்டி வெச்சிக்குவேன்." மேலங்கியின் கைப்பட்டியை மடித்துக் காட்டினார். "சாப்பாட்டு நேரத்துக்கு வெளிய வந்ததும் திரும்ப வெச்சிக்குவேன். அன்னிக்கு வந்து பாத்தா காணோம். தரையில விழுந்திருக்கும்னு நெனச்சேன். கறுப்புத் துணியில அது எங்க தெரியுது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. குளியலறைக் கண்ணாடியில், பீரோ கதவில், பேருந்தின் முன் இருக்கைக் கம்பியில் என்று நம் பெண்கள் பொட்டு ஒட்டாத இடம் உண்டா? உலகத்தில் எத்தனையோ விமானத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இந்தத் தவறு எங்கள் தொழிற்சாலையில் மட்டும்தான் நடக்க முடியும்.

"இவ்வளவு வருஷமா இப்படித்தானா?"

"இல்ல மேடம். முன்னெல்லாம் கழண்டா கழண்டுட்டுப் போவுதுன்னு விட்டுருவேன். வெறும் நெத்தியோட கேண்டீனுக்குப் போவேன்." மடித்த கைப்பட்டியை இறக்கிவிட்டார். "இவருக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆச்சில்ல? அதுக்கப்புறந்தான். ஆஸ்பத்திரியிலேர்ந்து எப்ப போன் வரும்னு தெரியாது. அந்த நேரத்துல நெத்தியில பொட்டு இல்லாம இருக்க பயமா இருந்திச்சு மேடம். பைத்தியக்காரத்தனம்தான். தெரியுது."

"பைத்தியக்காரத்தனம் இல்ல" என்றேன்.

அவர் சொன்னதில் எங்களுக்கு வேண்டியது எல்லாமே இருந்தது. கணவருக்கு அறுவை நடந்த நாளிலிருந்துதான் இந்தப் பழக்கம். எப்போதும் ஒரே அளவுப் பொட்டு, லிட்டில் இந்தியாவில் ஒரே கடையில் வாங்கியது. காணாமல் போனது ஒன்றே ஒன்று. மற்ற பெண்கள் யாரும் பொட்டை எடுப்பதில்லை, தொப்பிக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். அந்த நாளுக்குப் பிறகு செய்த பலகைகளின் படங்களை ரியாஸ் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாம் பச்சை. பறக்கிற விமானங்கள் எதிலும் பொட்டு இல்லை என்று எங்களால் இப்போது சொல்ல முடியும்.

"ஏன் சொன்னீங்க தேவகி? பேசாம இருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

"ப்ளேன்ல ஜனங்க இருப்பாங்கல்ல மேடம்?" என்றார். பிறகு, "என் வேலை போயிடுமா?" என்று கேட்டார். கணவர் லாரி ஓட்டியவர். இனி ஓட்ட முடியாது. வீட்டில் வருகிற சம்பளம் இவருடையது மட்டும்தான்.

போகாது என்றேன். சொல்லிவிட்டு மிஸ்டர் கூவின் அறைக்கு நடந்தேன். சொன்னது நான், முடிவு செய்கிறவர் அவர்.

மிஸ்டர் கூ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பெயரைக் கொடுத்துவிடு, புவனா" என்றார். நான் எதிர்பார்க்காத பதில். பாக் டின்னுக்கு நாசி கண்டார் வாங்கிக் கொடுத்த அதே மனிதர். மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகில் பாரம் ஏறிவிடும் போலிருக்கிறது.

"வேலையை விட்டு அனுப்ப வேண்டாம். ஸ்டோருக்கு மாற்றிவிடலாம்லா. அதே சம்பளம்."

எனக்கு என்ன தைரியம் வந்ததோ தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் அவர் மேசைமேல் வைத்தேன்.

"அப்புறம்?"

திரும்பிப் பார்த்தார். "அப்புறம் என்ன, பரிசோதகர் திருப்தியாகிவிடுவார்."

"அப்புறம்?"

"ஆர்டர் நிற்காது. எல்லாருக்கும் வேலை இருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் அறையில் எல்லாரும் இன்னும் ஜாக்கிரதையாக…" என்று ஆரம்பித்து நிறுத்தினார். மேசைமேல் இருந்த என் கைகளைப் பார்த்தார். "அப்புறம் அடுத்த முறை நம்மிடம் ஒருவரும் வந்து சொல்லமாட்டார்கள்" என்றார். பிறகு அவர் கற்றுவைத்திருந்த தமிழ் வார்த்தைகளில், இங்கே எழுத முடியாத இரண்டில் ஒன்றைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உச்சரிப்பு பிரமாதமாக இருந்தது.

பரிசோதகரோடு பேச அவரும் வந்தார், ஆனால் பேச்சை என்னிடம் விட்டுவிட்டார். நான் பெயர் சொல்லவில்லை. தானாக முன்வந்து சொன்ன ஒருவரால்தான் மற்ற பலகைகள் சுத்தம் என்று தெரிந்திருக்கிறது, அவரை அந்த அறையிலிருந்து எடுத்தால் அடுத்த தடவை உங்களுக்கு ஒரு சிவப்புப் புள்ளி மட்டும்தான் கிடைக்கும், விளக்கம் கிடைக்காது என்றேன். அவர் மோவாயைத் தேய்த்தார். "சரி, மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்வீர்கள்? பொட்டைத் தடை செய்வீர்களா?"

தடை போட்டால் ஒளித்து வைப்பார்கள். ஒளித்து வைத்தால் உள்ளே போகும். உரித்த தாளைச் சுவரில் மாட்டுகிற மாதிரி பொட்டையும் மாட்டலாம் என்றேன். உடை மாற்றும் அறையில் ஒரு வெள்ளைப் பலகை. பக்கத்தில் ஒரு கண்ணாடி. பொட்டு வைக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அதில் ஒரு வட்டம், வட்டத்தின் கீழே பெயர். உள்ளே போகுமுன் பொட்டை எடுத்து அவரவர் வட்டத்தில் ஒட்ட வேண்டும். விடுப்பில் இருப்பவரின் வட்டத்தின்மேல் லைன் லீடர் ஒரு வெள்ளை டேப் ஒட்டிவிடுவார். டேப் இல்லாத வட்டம் ஏதாவது காலியாக இருந்தால் அறைக் கதவு திறக்காது. பொட்டு எங்கே என்று தெரிந்த பிறகுதான் வேலை.

பரிசோதகர் முதல்முறையாகச் சிரித்தார், காசு கேட்காமல். அடுத்த தடவை வந்தபோது பொட்டுப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போனார். வேறு நாட்டுத் தொழிற்சாலைகளில் காட்டுவதாகச் சொன்னார். அங்கெல்லாம் பொட்டு வைக்கிறவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை.

தேவகி லைன் லீடர் ஆனார். முதல் வாரமே நான் பார்வையிடப் போனபோது வாசலில் கையை நீட்டி மறித்தார். "மேடம், நெத்தி." பின்னால் பத்துப் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். பலகையில் எனக்கு வட்டம் இல்லை. தேவகி பேனாவை எடுத்து ஓரத்தில் ஒன்று வரைந்து, கீழே 'மேடம்' என்று எழுதினார். நான் பொட்டை எடுத்து ஒட்டிவிட்டு, வெறும் நெற்றியோடு என் தொழிற்சாலைக்குள் நுழைந்தேன். ரியாஸ் என்னைப் பார்த்து, "மேடம், இன்னிக்கு ஏதோ வித்தியாசமா இருக்கீங்க, உடம்பு சரியில்லையா?" என்றான். அவனுடைய கண்டுபிடிப்புத் திறமையைப் பற்றி இதற்குமேல் நான் ஏன் சொல்ல வேண்டும்?

தேவகியின் கணவர் அந்த அறுவைக்குப் பிறகு சில வருஷம் நன்றாகவே இருந்தார். நான் ஓய்வுபெறுவதற்கு முந்தின வருஷம் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். தேவகி காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்புகிற நாளில் நானும் உடை மாற்றும் அறைக்குப் போனேன். சும்மா கூட நிற்கலாம் என்று போனேன்.

தேவகி வெறும் நெற்றியோடு வந்தார். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். பொட்டுப் பலகையில் அவருடைய வட்டத்தின்மேல் டேப் ஒட்டியிருந்தது. விடுப்பில் இருந்தபோது ஒட்டியது. அதை எடுப்பதா, வட்டத்தையும் பெயரையும் சேர்த்தே அழித்துவிடுவதா என்று நாலைந்து நாளாக அவர்களுக்குள் பேச்சாம். யாருக்கும் கை வரவில்லை. டேப் அப்படியே இருக்கட்டும், ஒன்றும் கேட்க வேண்டாம் என்று விட்டிருந்தார்கள். நானும் அதுதான் நல்லது என்று நினைத்தேன்.

தேவகி மேலங்கியை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல முதல் வட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். தன் பெயரிடம் வந்ததும் நின்றார். டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பாக உரித்தார். வட்டம் காலியாக இருந்தது. பெட்டகத்தைத் திறந்து, கைப்பையிலிருந்து ஒரு பொட்டு அட்டையை எடுத்தார். அதே மெரூன் நிறம். ஒன்றை உரித்து வட்டத்துக்கு நடுவே ஒட்டி, விரலால் அழுத்தினார்.

பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார். "டேப்பு லீவுல இருக்கிறவங்களுக்கு. நான்தான் வேலைக்கு வந்துட்டேனே" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து முதல் ஆளாக உள்ளே போனார்.

அன்று மத்தியானம் கேண்டீன் வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். பொட்டு நெற்றியில் இருந்தது.